“பிள்ளைக்கு எந்த சபையில ஞானஸ்நானம்?” என்று கேட்கும் சொந்தங்களுக்கு என்ன பதில் சொல்வது?

கேட்டவரின் நிலைமையை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், வாசிக்கும் மற்றவர்களுக்கும் புரியும். சொந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் குழித்துறைக்குப் பக்கம். அப்பா வீடு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. அம்மா வீடு அகஸ்தீஸ்வரம் பக்கத்து அய்யாவழிக் குடும்பம். வேலை பெங்களூரில், கணவர் கோயம்புத்தூர்க்காரர், ஏழு மாதப் பெண் குழந்தை. இவருக்குச் சர்ச்சுக்கோ, அய்யாவழியினர் கும்பிடும் பதிக்கோ போகும் பழக்கம் பல வருடமாக இல்லை. கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போக வேண்டும். அதற்குள் சித்தப்பா குடும்ப வாட்ஸப் குழுவில் “சொந்த அடையாளத்தத் தொலச்சவங்க பிள்ளைக்கு என்னத்தக் குடுக்கப் போறாவ” என்று எழுதிவிட்டார். கணவர் வீட்டிலோ இவரைச் செல்லமாக “மலையாளத்து மருமக” என்கிறார்கள். “என் அடையாளத்தை இவர்களுக்குச் சண்டையில்லாமல் எப்படி விளக்குவது?” என்பதுதான் கேள்வி.

நீங்கள் கேட்டது விளக்குவதைப் பற்றி. ஆனால் எழுதியதைத் திரும்ப வாசித்தால், உங்களை உறுத்துவது வேறொன்று என்று தோன்றுகிறது. இவர்கள் என்னை ஒத்துக்கொள்ளாவிட்டாலும் நான் இந்த வீட்டுப் பிள்ளையாகவே இருக்க முடியுமா என்று கேட்கிறீர்கள். பெரும்பாலான வீடுகளில் முடியும். ஆனால் அது விளக்கத்தால் நடப்பது குறைவு. நாகர்கோவிலில் பல வருடமாகக் குடும்ப ஆலோசகராக இருக்கிறேன், படித்தது மனநலச் சமூகப்பணி. என்னிடம் வருகிறவர்களில் நிறைய பேர் விளக்கம் சொல்லிச் சொல்லிக் களைத்துப் போனவர்கள்தான். விளக்கம் போதாமல் போனதாக அவர்கள் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை, கேட்டவர் யார், எதற்காகக் கேட்டார் என்பதைக் கவனிக்காமல் எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னதில்தான் பாதிப் பிரச்சினை.

பாட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். “எப்பம் மக்களே பிள்ளைக்கு ஞானஸ்நானம்?” என்று அவர் கேட்டால், நீங்கள் மத நம்பிக்கை பற்றிய விசாரணையாக எடுத்துக்கொள்கிறீர்கள். ஒரு சி.எஸ்.ஐ. சபையில் வாழ்நாள் முழுக்க இருந்த பெண்ணுக்கு அது வேறு. சபையின் பதிவேட்டில் அவருடைய ஞானஸ்நானம் இருக்கிறது, திடப்படுத்தல் இருக்கிறது, கல்யாணம் இருக்கிறது, அவர் பெற்ற பிள்ளைகள் ஒவ்வொருவராக வரிசையில் இருக்கிறார்கள். தாத்தா படுத்திருக்கும் கல்லறைத் தோட்டத்தில் தனக்கும் இடம் உண்டு என்ற தைரியம் அந்த அங்கத்துவத்தில்தான் இருக்கிறது. அந்த வரிசை உங்களோடு நின்றுபோனால், நாளைக்குத் தன் பெட்டியைத் தூக்கும்போது பேத்தி எங்கே நிற்பாள் என்பதுதான் அவர் கவலை. இதை அவர் வாயைத் திறந்து சொல்லமாட்டார். நம்மூர்ப் பாட்டிகள் சாவைப் பற்றிக் கூச்சமில்லாமல் பேசுவார்கள், பயத்தைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

இந்தக் கேள்விக்கு “எனக்கு மதங்கள்ல நம்பிக்கை இல்ல பாட்டி” என்பது உண்மையான பதில், ஆனால் அவர் கேட்டதற்கான பதில் அல்ல. அவர் உள்ளி உரித்துக்கொண்டிருக்கும்போது நீங்களும் ஒரு கத்தியோடு பக்கத்தில் உட்காருங்கள். கூட்டம் இல்லாத நேரமாகப் பாருங்கள். “பாட்டி, ஞானஸ்நானத்தப் பத்தி நாங்க ரெண்டு பேரும் இன்னும் முடிவு பண்ணல. ஆனா உங்களுக்கு ஒண்ணுன்னா நான் எங்க இருந்தாலும் வந்து நிப்பேன். பிள்ளையையும் கூட்டிட்டுத்தான் வருவேன்” என்று சொல்லிப் பாருங்கள். முதல் பகுதியை அவர் காதில் வாங்காமல் விட்டாலும் விடுவார். இரண்டாவது பகுதி அவரை எட்டும். அதற்குப் பிறகும் ஞானஸ்நானம் பற்றிக் கேட்பார். கேட்கட்டும். குரல் மாறியிருக்கும்.

சித்தப்பா கதை வேறு. அவர் எழுதியது பொதுக் குழுவில், அதாவது பார்வையாளர்கள் முன்னால். அவர் சபைக் கமிட்டியில் இருக்கிறாரா என்று நீங்கள் சொல்லவில்லை. இருந்தால் ஆச்சரியமில்லை. (நம்மூர்ச் சபைத் தேர்தலைப் பார்த்தவர்களுக்குச் சட்டமன்றத் தேர்தல் சப்பென்றிருக்கும்.) ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போது நாலு பேர் கேட்கிறார்கள்: “அண்ணன் மகளுக்குப் பிள்ளை பிறந்துச்சே, ஞானஸ்நானம் எப்பம்?” அவருக்குச் சொல்லப் பதில் இல்லை. பதில் இல்லாத சங்கடம் கோபமாக மாறி உங்கள் மேல் விழுகிறது. அவர் மனத்தை மாற்ற முயல்வதைவிட, வாசலில் சொல்வதற்கு அவருக்கு ஒரு வாக்கியம் கொடுப்பது எளிது. “அவங்க ரெண்டு குடும்பமும் கலந்துதான் எதுவும் செய்வாங்க, இப்பம் பிள்ளை சின்னது” என்பது போல, பொய்யில்லாத, அவர் மரியாதை குறையாத ஒன்று. அதை நீங்களே அவருக்குப் போன் செய்து தனியாகச் சொல்லுங்கள், ஊருக்கு வருவதற்கு முன்னால். குழுவில் பதில் எழுதவே வேண்டாம். அங்கே எழுதும் ஒவ்வொரு வரிக்கும் அவர் இன்னொரு வரி எழுதித்தான் ஆகவேண்டும், மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் அல்லவா.

சித்தப்பாவின் வயதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு அறுபதை ஒட்டி இருப்பவர் என்றால், 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் தொடங்கிக் கடலோர ஊர்களில் பரவிய கலவரத்தை விவரம் தெரிந்த வயதில் பார்த்தவர். 2011 கணக்கெடுப்பின்படி நம் மாவட்டத்தில் இந்துக்கள் நூற்றுக்கு 49 பேரை ஒட்டி, கிறிஸ்தவர்கள் 47 பேரை ஒட்டி, முஸ்லிம்கள் 4 பேர். தமிழ்நாட்டில் இப்படிச் சரிபாதியாக இருக்கும் வேறு மாவட்டம் கிடையாது. கலவர காலத்தில் “நீ எந்தப் பக்கம்” என்ற கேள்வி உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. அந்த வயதுக்காரர்கள் சிலர் இன்னமும் அதே காதோடுதான் கேட்கிறார்கள். அதற்குப் பிறகு வளர்ந்து, இன்று பெங்களூரில் இருக்கும் சலுகையோடு நீங்கள் அதைப் பிற்போக்கு என்று தள்ளிவிடாதீர்கள். அதற்காக ஒத்துப்போக வேண்டும் என்றும் சொல்லவில்லை.

இன்னொரு வகை ஆள் உண்டு. மொட்டைமாடியில், மற்றவர்கள் தூங்கப் போன பிறகு, “அக்கா, நீ எப்படி இதெல்லாம் வீட்ல சொன்ன?” என்று கேட்கும் தம்பி தங்கைகள். அவர்கள் கேட்பது தங்களுக்காக. அவர்களிடம் முழுக்கப் பேசுங்கள், ஆனால் யார் பக்கமும் சேர்க்காதீர்கள்.

இப்போது “சொந்த அடையாளம்” என்ற பேச்சுக்கு வருகிறேன், இதில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். சித்தப்பா அதை ஏதோ கல்லில் வெட்டி வைத்ததைப் போலச் சொல்கிறார். நம் மாவட்டத்தில் எந்தக் குடும்பத்தை எடுத்துக்கொண்டாலும், நாலைந்து தலைமுறைக்குள் மதமோ மொழியோ உடையோ சொத்து வழியோ, ஏதாவதொன்று தலைகீழாக மாறியிருக்கும். ரிங்கல்தௌபே என்ற மிஷனரி மயிலாடிக்கு வந்தது 1806-இல். அதற்கு மூன்று வருடம் கழித்துப் பிறந்தவர் அய்யாவழியைத் தொடங்கிய அய்யா வைகுண்டர். உங்கள் அப்பா வீட்டையும் அம்மா வீட்டையும் இன்று பிரித்துக் காட்டும் இரண்டு வழிகளும் ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒன்றுக்கொன்று நடந்துபோகும் தூரத்தில், ஒரே அவமானத்துக்குப் பதிலாக வந்தவை. மேலாடை போட உரிமையில்லாத பெண்கள், தலைப்பாகை கட்ட உரிமையில்லாத ஆண்கள். ஒரு பக்கம் மிஷன் பள்ளிக்கூடமும் பெண்களுக்குக் குப்பாயம் என்ற மேல்சட்டையும் வந்தன. இன்னொரு பக்கம் வைகுண்டர் ஆண்களைத் தலைப்பாகையோடு வந்து கண்ணாடி முன்னால் நின்று கும்பிடச் சொன்னார். தோள்சீலைப் போராட்டம் 1820-களில் தொடங்கி இடைவெளி விட்டு விட்டு நடந்து, 1859 ஜூலை 26-இல் திருவிதாங்கூர் அரசு நாடார் பெண்கள் மேலுடம்பை மறைத்துக்கொள்ளலாம் என்று அறிவித்ததில் வந்து நின்றது. அதிலும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்று ஒரு வால். வேறு பக்கம் பார்த்தால், நாஞ்சில் நாட்டு வேளாளர் வீடுகளில் மாமன் சொத்து அக்கா தங்கை மகனுக்குப் போகும் மருமக்கள்வழி 1926-இல் வந்த சட்டத்தால்தான் முடிவுக்கு வரத் தொடங்கியது. அதுவும் ஒரு காலத்தில் “நம்ம வழக்கம்” தான்.

நாடு என்ற அடையாளத்தையே பாருங்கள். விளவங்கோடு தாலுகாவில் 1940-இல் பிறந்த ஒருவர் திருவிதாங்கூர் மகாராஜாவின் குடியாகப் பிறந்தார். 1949-இல் திருவிதாங்கூர்-கொச்சிக்காரர் ஆனார். 1956 நவம்பர் 1-இல் சென்னை மாநிலத்தவர். 1969-இல் தமிழ்நாட்டுக்காரர். வீட்டுத் திண்ணையை விட்டு இறங்காமலே இவ்வளவும் நடந்தது. உங்கள் பாட்டி அந்த வயதுக்காரர் என்றால் அவருக்கு இதெல்லாம் செய்தி அல்ல, அனுபவம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்தக் கதைகளை நீங்கள் கேட்டு வாங்க வேண்டும் என்பதற்காக. என் அனுபவத்தில் அடையாளச் சண்டை ஓடும் வீடுகளில் மிக நன்றாகப் பலன் தந்த ஒரே காரியம் இதுதான்: இளையவர் விளக்குவதை நிறுத்திவிட்டு, மூத்தவரிடம் கதை கேட்கத் தொடங்குவது. “நம்ம வீட்ல மொதல்ல சபையில சேந்தது யாரு பாட்டி? அவங்க வீட்டுக்காரங்க என்ன சொன்னாங்க?” என்று கேட்டுப் பாருங்கள். அநேகமாக ஒரு சண்டைக் கதை வரும். வீட்டை விட்டு அனுப்பப்பட்ட ஒரு பூட்டன், அவருக்கு ரகசியமாகக் கஞ்சி கொண்டுபோன ஒரு தங்கச்சி, பல வருடம் கழித்து ஏதோ ஒரு சாவு வீட்டில் முதல்முறையாகப் பேசிக்கொண்ட இரண்டு அண்ணன் தம்பிகள். அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பாட்டிக்கு ஏதோ உறைப்பதைப் பார்க்கலாம். சில சமயம் வாய்விட்டே சொல்லிவிடுவார்கள், “நம்ம வீட்ல யாருதான் சொன்னபடி கேட்டாவ” என்று.

ஆனால் ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. இதே வரலாற்றை எடுத்துச் சித்தப்பா முகத்தில் வீசாதீர்கள். “உங்க பூட்டனும் மாறினவர்தானே, நான் மாறினா என்ன?” என்பது வாதமாகச் சரி, ஆனால் அதற்குப் பிறகு அவர் எட்டு மாதம் பேசமாட்டார். பூட்டன் மாறியதை அவர் விட்டுப்போனதாக நினைக்கவில்லை, வந்து சேர்ந்ததாக நினைக்கிறார். தோள்சீலைக் கதையும் அப்படித்தான். சில வீடுகளில் அது பெருமை. சில வீடுகளில் தொண்டையில் நிற்கும் வலி. கேட்ட உடனே பேச்சை மாற்றினால் விட்டுவிடுங்கள்.

நான் படித்ததிலிருந்து எது உறுதி, எது அவ்வளவு உறுதியில்லை என்பதையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இணையத்தில் எல்லாம் ஒரே கனத்தில் கிடைக்கிறது. ஒருவரின் நிலைப்பாட்டை எதிர்த்து வாதாடினால் அவர் அதை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளக்கூடும் என்பது நன்றாக ஆராயப்பட்ட விஷயம். தன் சுதந்திரம் பறிபோகிறது என்று உணர்ந்தவுடன் மனிதர் அதற்கு எதிராகத் திமிறுவார் என்று ஜாக் பிரெம் 1966-இலேயே எழுதினார். வில்லியம் மில்லர் 1980-களில் குடிநோயாளிகளோடு வேலை செய்தபோது, ஆலோசகர் திருத்தத் திருத்த நோயாளி குடிக்கு வக்காலத்து வாங்குவதைக் கவனித்து, அதிலிருந்து ஒரு பேச்சு முறையையே உருவாக்கினார். இன்று குடிமறப்பு மையங்களில் நாங்கள் படிப்பதும் பயன்படுத்துவதும் அதைத்தான். சித்தப்பாவுக்கும் உங்களுக்கும் இது சமமாகப் பொருந்தும். அவர் குழுவில் எழுதிய பிறகு உங்கள் நிலைப்பாடு முன்பைவிட இறுகியிருக்கிறதா இல்லையா, நீங்களே சொல்லுங்கள்.

ஓரளவு உறுதி என்று சொல்லக்கூடியது முர்ரே போவன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் சொன்ன முக்கோணம். இரண்டு பேருக்கு நடுவே இறுக்கம் கூடும்போது மூன்றாவது ஆள் ஒருவரை உள்ளே இழுத்துக்கொள்வார்கள் என்றார். நம் வீடுகளுக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. சித்தப்பா அப்பாவிடம் சொல்வார், அப்பா அம்மாவிடம், அம்மா இரவு பத்து மணிக்கு உங்களுக்குப் போன் செய்து “நீ ஏன் மக்களே இப்படி” என்று அழுவார். நீங்கள் சித்தப்பாவுக்குச் சொல்ல வேண்டியதை அம்மாவிடம் கத்துவீர்கள். ஒவ்வொரு கை மாறும்போதும் சேதி கொஞ்சம் கெட்டுப்போகும். யாரோடு பிரச்சினையோ அவரோடே நேரடியாகப் பேசுவது என்ற ஒரே பழக்கம் பாதிப் பாரத்தைக் குறைக்கும்.

உறுதியில்லாதது “எல்லை போடுங்கள்” என்ற அறிவுரை. ஆங்கில சுயமுன்னேற்றப் புத்தகங்களிலிருந்து ரீல்ஸ் வரை இறங்கியிருக்கிறது. தப்பு என்று சொல்லமாட்டேன், சில வீடுகளில் அதுதான் ஒரே வழி. ஆனால் அது சொல்லும் ஆள் தனி வீட்டில், தனி வருமானத்தில், சொந்தங்களைத் தயவுக்கு எதிர்பாராமல் வாழ்பவர் என்று வைத்துக்கொண்டு எழுதப்பட்டது. உங்களுக்குப் பிரசவம் முடிந்து குழந்தையைக் குளிப்பாட்ட நாற்பது நாள் வந்து நின்றது அந்தச் சித்தப்பாவின் மனைவிதான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சித்தியிடம் போய் “இது எங்க பர்சனல்” என்றால், அவருக்கு அது எல்லையாகக் கேட்காது, நன்றி இல்லாத்தனமாகத்தான் கேட்கும். நெருக்கத்தை ஏற்றுக்கொண்டு, முடிவை மட்டும் நம் கையில் வைத்துக்கொள்வது முடியும். நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

அதற்கு முதல் வேலை சொந்தங்களோடு அல்ல, கணவரோடு. குழந்தையின் பெயர், சடங்கு, மொழி, எதுவாக இருந்தாலும் நீங்கள் இருவரும் முடிவு செய்யாததை ஊரில் போய்ப் பேசத் தொடங்கினால், வீட்டில் உள்ள அத்தனை பேரும் அந்த இடைவெளியில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். இருவருக்கும் ஒத்த கருத்து இல்லையென்றால் “இன்னும் பேசிக்கிட்டிருக்கோம்” என்பதே முடிவு. அதை இரண்டு பேரும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும். அடுத்தது அப்பா. அவர் என்ன நினைக்கிறார் என்று நீங்கள் எழுதியதில் ஒரு வரிகூட இல்லை என்பது எனக்கு உறுத்தியது. சபையில் தலை நிமிர்ந்து உட்கார வேண்டியவர் அவர்தான், தம்பி சொல்வதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பவரும் அவர்தான். சித்தப்பாவுக்குப் போன் செய்வதற்கு முன்னால் அவரிடம் பேசுங்கள். “நான் சித்தப்பாட்ட பேசப் போறேன், உங்களுக்கு ஏதாவது சங்கடம் வருமாப்பா?” என்று கேளுங்கள். அனுமதி கேட்பதாக ஆகாது, அவரைத் தாண்டிப் போகாமல் இருப்பதாக ஆகும்.

“பாப்போம் சித்தப்பா” என்று சிரித்து நழுவுவது நம்மூரில் எல்லோருக்கும் கைவந்த கலை. கல்யாண வீட்டில் பாயாசத்தில் பழத்தையும் பப்படத்தையும் பிசைந்துகொண்டிருக்கும்போது யாராவது கேட்டால் அது போதும், அங்கே வேறு பதில் சொல்வதே தப்பு. ஆனால் மூன்று வருடம் தொடர்ந்து “பாப்போம்” என்றால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போதகரிடம் தேதி வாங்கிவிடுவார்கள். அப்படி நடந்த வீடு எனக்குத் தெரியும். ஒரு முறையாவது தனியாக, தெளிவாகச் சொல்லியாக வேண்டும்: “சித்தப்பா, இப்போதைக்கு ஞானஸ்நானம் குடுக்கதா இல்ல. உங்க மேல மரியாதைக் குறைவு இல்ல. முடிவு மாறுனா உங்கட்டதான் மொதல்ல சொல்லுவேன்.” கடைசி வாக்கியம் உண்மையாக இருந்தால் மட்டும் சொல்லுங்கள். அப்புறம் அவர் என்ன சொன்னாலும் ஐந்து நிமிடம் குறுக்கிடாமல் கேளுங்கள். அது கஷ்டமான ஐந்து நிமிடம்.

சடங்குகளில் கலந்துகொள்வதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நம்பிக்கை இல்லாமல் போய் உட்காருவது ஏமாற்று வேலையா? என் தனிப்பட்ட கருத்து, இல்லை. கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனையில் பாட்டி பக்கத்தில் உட்காருவது சொந்தத்துக்கான காரியம். உங்கள் அம்மாச்சி பதியில் குழந்தையின் நெற்றியில் நாமம் இட்டால் இட்டுக்கொள்ளட்டும். ஆனால் ஞானஸ்நானம் அப்படியல்ல. குழந்தைக்குக் கொடுக்கும்போது பெற்றோரும் ஞானப் பெற்றோரும் சபை முன்னால் வாக்குக் கொடுக்கிறார்கள், இந்த விசுவாசத்தில் வளர்ப்போம் என்று. மனதில் இல்லாத வாக்கைப் பாட்டியின் திருப்திக்காகக் கொடுப்பது, அந்தச் சடங்கை உண்மையாக எடுத்துக்கொள்ளும் பாட்டிக்கே செய்யும் அவமரியாதை என்று நினைக்கிறேன். இதை ஒத்துக்கொள்ளாத ஆலோசகர்கள் இருக்கிறார்கள். இதற்கு நடுவே ஒரு வழி இருக்கிறது, பலர் யோசிப்பதில்லை: போதகரை வீட்டுக்கு வரச்சொல்லிக் குழந்தைக்காக ஜெபம் பண்ணச் சொல்வது. வீட்டு ஜெபம் நமக்குப் புதிதில்லை. பதிவேட்டில் எதுவும் ஏறாது, யாரும் வாக்குக் கொடுக்க வேண்டியதில்லை. பாட்டி கண்ணை மூடிக்கொண்டு பேத்தியின் தலையில் கை வைத்திருப்பார். அதை நீங்களே முன்வந்து ஏற்பாடு செய்தால் அதன் மதிப்பே வேறு.

இங்கே ஒரு நுணுக்கம், வெளியூர் ஆலோசகர்களுக்குப் பிடிபடாதது. பதிக்குப் போக அங்கத்துவம் கிடையாது, பதிவேடு கிடையாது. யாரும் போகலாம், நாமம் இட்டுக்கொள்ளலாம், திரும்பி வரலாம். அதனால் உங்கள் அம்மா வீட்டில் எந்தப் பிரச்சினையும் இல்லாதது போலவும், அப்பா வீட்டில்தான் பிடிவாதம் என்பது போலவும் தெரியும். குழந்தை நெற்றியில் நாமத்தோடு ஒரு படம் குழுவில் வந்தால், அப்பா வீட்டார் “அங்க போச்சு, இங்க வரல” என்றுதான் வாசிப்பார்கள். இரண்டு வீட்டுக்கும் ஒரே விடுமுறையில் போய்விடுங்கள், படங்களைக் குழுவில் போடாதீர்கள். சின்ன விஷயம்தான், ஆனால் நான் பார்த்த சண்டைகளில் கணிசமானவை இறையியலில் தொடங்கவில்லை, போட்டோவில் தொடங்கின.

கணவர் வீட்டு “மலையாளத்து மருமக” விஷயம் இதைவிட இலகு. 1954 ஆகஸ்ட் 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று கேட்டவர்கள் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள் என்பதைக் கோயம்புத்தூரில் பெரும்பாலானவர்கள் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்கள். அந்தப் போராட்டத்தின் தலைவர் மார்ஷல் நேசமணியின் பெயரும் தெரியாது. ஒரு நாள் சாவகாசமாகச் சொல்லுங்கள், கேட்பார்கள். ஆனால் “நான் மலையாளி இல்ல” என்று ஏதோ வசவை மறுப்பது போலச் சொல்லாதீர்கள். மலையாளத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் நம் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள், விளவங்கோடு பக்கம் மலையாள வழி வகுப்புகள் உள்ள பள்ளிகள் உண்டு, உங்கள் பாட்டியின் பேச்சில் பாதி அந்தப் பக்கத்து வாடைதான். நேந்திரம்பழத்தை ஏத்தம்பழம் என்று நீங்கள் கேட்டு மாமியார் முழித்தால் சேர்ந்து சிரித்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பதிலுக்கு எல்லைகள் உண்டு. நான் ஒரு பக்கம் மட்டுமே கேட்டிருக்கிறேன். என்னிடம் வருகிறவர்கள் இன்னமும் பேச விரும்புகிறவர்கள். முற்றிலும் முறிந்துபோன குடும்பங்கள் ஆலோசகரிடம் வருவதில்லை, ஆகவே பேசினால் சரியாகும் என்ற என் நம்பிக்கையில் அந்தச் சாய்வு இருக்கிறது. இதே கேள்வியை வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று: மிரட்டல், அடி, வீட்டில் பூட்டி வைப்பது, சாதி மாறிக் கல்யாணம் செய்தவர்களைத் தேடி வருவது, இதெல்லாம் அடையாளம் பற்றிய உரையாடல் கிடையாது, குற்றம். அங்கே மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. பெண்கள் 181 என்ற உதவி எண்ணை அழைக்கலாம். அப்படிப்பட்ட தம்பதிகளுக்கு மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018-இலேயே உத்தரவிட்டிருக்கிறது. தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல், விடுமுறையை நினைத்தாலே நெஞ்சு படபடக்கிறது என்றால் 14416-இல் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். குழந்தை பெற்ற முதல் வருடத்தில் இதை அலட்சியம் செய்யாதீர்கள்.

இன்னொன்று, கொஞ்சம் தாழ்ந்த குரலில் சொல்ல வேண்டியது. சான்றிதழில் ஒன்றும் ஞாயிற்றுக்கிழமை இன்னொன்றுமாக வாழும் குடும்பங்கள் நம் பக்கம் உண்டு. 1950-ஆம் ஆண்டு ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி இந்து, சீக்கிய, பௌத்தர்களுக்கு மட்டும்தான், கிறிஸ்தவரானால் போய்விடும். அவர்கள் அப்படி வாழ்வதற்கு அந்தச் சட்டம் ஒரு காரணம். அடையாளத்தில் நேர்மை வேண்டும் என்று ஆவேசப்பட்டு, அப்படிப்பட்ட சொந்தக்காரரைப் பற்றிக் குழுவில் எழுதிவிடாதீர்கள். அவருடைய பிள்ளையின் படிப்பும் வேலையும் அதில் தொங்கிக்கொண்டிருக்கலாம்.

கடைசியாகக் காகித விஷயம், ஏனென்றால் “நாளைக்கு ஸ்கூல்ல என்ன எழுதுவிய?” என்று சித்தப்பா நிச்சயம் கேட்பார். பிறப்பைப் பெயர் இல்லாமலே பதிந்திருந்தால், ஓராண்டு வரை கட்டணமின்றியும் பதினைந்து ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடும் பெயரைச் சேர்க்கலாம், எனவே பெயரை வைத்து யாரும் அவசரப்படுத்த முடியாது. பள்ளியில் சாதி, மதம் இல்லை என்று குறிப்பிடவோ அந்த இடத்தை வெறுமனே விடவோ பெற்றோருக்கு உரிமை உண்டு என்று தமிழ்நாடு அரசு 1973-இலும் மறுபடி 2000-இலும் ஆணை போட்டிருக்கிறது. பல பள்ளி அலுவலகங்களில் இது தெரியாது, ஆணையின் நகலோடு போங்கள். ஆனால் சாதிச் சான்றிதழ் இல்லாவிட்டால் இட ஒதுக்கீடு கிடைக்காது. சித்தப்பா அதைச் சுட்டிக்காட்டினால் அது நியாயமான கேள்வி, நீங்கள் இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டியது. உங்கள் மகளுக்கு இப்போது ஏழு மாதம். அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று முடிவெடுக்க இன்னும் மூன்று வருடமாவது இருக்கிறது, அவரிடமும் அதையே சொல்லுங்கள்.